பழைய நாதஸ்வர, நாடக இசைத்தட்டுகள்: மதுரைப் பக்கத்துச் சேகரிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், காரைக்குடி வட்டாரத்தில் பழைய 78 சுற்றுத் தட்டுகளை, அதாவது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் இசைத்தட்டுகளை, தேடுகிறவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். அந்தத் தட்டுகள் நல்ல ஒலியோடு மறுபடி வெளிவர வேண்டும் என்று காத்திருப்பவர்களுக்கும் இது பயன்படும். பிற்காலத்து வினைல் தட்டுகளான எல்.பி., இ.பி. பற்றித் தேவையான இடத்தில் மட்டும் சொல்லியிருக்கிறோம்.

எந்தத் தட்டை அரியது என்று சொல்லலாம்? வயது அதிகமானால் போதுமா?

போதாது. இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. 78 சுற்றுத் தட்டுகள் 1960களின் பிற்பகுதி வரை வந்துகொண்டிருந்தன. 1950களின் வெற்றிப்படப் பாட்டுகள் ஏராளமாக அச்சடிக்கப்பட்டவை. அவை இன்றும் கிடைக்கும், பெரும்பாலும் மறுவெளியீடாகவும் வந்துவிட்டன. குறைவாக விற்றது, கடுமையாகத் தேய்க்கப்பட்டது, மறுவெளியீட்டில் விடுபட்டது ஆகிய மூன்றும் ஒரே தட்டில் சேர்ந்தால் அதுதான் அரியது.

நம் பக்கத்தில் இந்த மூன்றும் சேர்வது இரண்டு வகையில். ஒன்று நாதஸ்வரம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி பலமுறை மறுவெளியீடு கண்டது. அவர் காலத்தில் வாசித்த மற்ற பலரின் தட்டுகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. இன்னொன்று நாடகப் பாட்டு. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அந்த மரபில் வந்த நடிகர்களின் பாட்டுகள் கோவலன், வள்ளி திருமணம், பவளக்கொடி என்று தட்டுகளாக வந்தன. எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் 27 வயதில் இறந்தார். பேசும்படம் வந்து இரண்டே ஆண்டுதான் ஆகியிருந்தது, அவர் ஒரு படத்திலும் நடிக்கவில்லை. அந்தக் குரலுக்கு 78 சுற்றுத் தட்டைத் தவிர வேறு சாட்சியே கிடையாது. அதனால் கிட்டப்பா தட்டு ஒன்று கீறலோடு கிடைத்தாலும் ஒதுக்கிவிடாதீர்கள்.

மதுரையோடு தொடர்புடைய எம்.எஸ். சுப்புலட்சுமி, மதுரை மணி ஐயர், மதுரை சோமு ஆகியோரின் பிற்காலப் பதிவுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. தேட வேண்டியது அவர்களுடைய தொடக்கக் காலத் தட்டுகளை.

எங்கே போய்த் தேடுவது?

முதலில் ஊர்ப்புற மைக் செட் வீடுகள். காதுகுத்து, சடங்கு, திருவிழா என்று ஐம்பது வருடம் பாட்டுப் போட்டவர்களிடம் தகரப் பெட்டி நிறையத் தட்டு இருக்கும். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

அடுத்து செட்டிநாட்டு வீடுகள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு அந்த வீடுகளின் சாமான்கள்தான் வருகின்றன. அங்கே கண்ணாடிச் சாமானுக்கும் மரத்தூணுக்கும்தான் மதிப்பு. தட்டுகள் ஒரு மூலையில் படுக்கப் போட்டுக் கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கப் பொறுமை வேண்டும்.

நாதஸ்வர, தவில் குடும்பங்களிடமும் நாடக நடிகர் குடும்பங்களிடமும் கேட்கலாம். ஆனால் அங்கே விலை பேசிக்கொண்டு போகாதீர்கள். அந்தத் தட்டு அவர்கள் தாத்தாவின் குரல். ‘பதிவு எடுத்துப் பிரதி கொடுத்துவிட்டுத் தட்டைத் திருப்பித் தருகிறோம்’ என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். சேகரிப்புக்கு ஒரு தட்டு கூடாமல் போகலாம், பாட்டு பிழைத்துவிடும்.

காலம் பார்த்துப் போவதும் முக்கியம். போகிக்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் பரண் காலியாகிறது. 78 சுற்றுத் தட்டு ஷெல்லாக் என்ற அரக்குக் கலவையால் ஆனது. அதை எடைக்குப் போட முடியாது, பிளாஸ்டிக்கிலும் சேராது, உலோகத்திலும் சேராது. அதனால் பழைய பேப்பர்க்காரர் அதைத் தொடமாட்டார், நேரே குப்பைக்குப் போய்விடும். உங்கள் தெருப் பழைய பேப்பர்க் கடைக்காரரிடம் மார்கழியிலேயே சொல்லி வையுங்கள். தட்டோடு கிடக்கும் கிழிந்த உறை, விலைப்பட்டியல், பாட்டுப் புத்தகம் எதையும் விட்டுவிடாதீர்கள். தட்டு எப்போது வந்தது என்று கண்டுபிடிக்க அவைதான் கைகொடுக்கும்.

மைக் செட்காரர் பெட்டியோடு தருகிறார். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் எந்தத் தட்டு எப்படித் தேய்ந்திருக்கும் என்று தெரிந்து வாங்குங்கள். விழா தொடங்கும்போது போடும் பிள்ளையார் பாட்டு, அம்மன் பாட்டு, மணவறைப் பாட்டு எல்லாம் நைந்திருக்கும். யாரும் கேட்காத தட்டுதான் உங்களுக்கு வேண்டியது. நாதஸ்வரத் தட்டு கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் ஓடியிருக்கும், அதுவும் ஒரே முகம். திருப்பிப் பார்த்தால் இன்னொரு முகம் புதிதுபோல இருக்கும்.

78 சுற்றுத் தட்டில் தேய்மானம் ஊசியால் வந்தது. எஃகு ஊசி ஒரு முகத்துக்கு ஒன்று என்பதுதான் கணக்கு. ஷெல்லாக்கில் கலந்திருக்கும் கல்பொடி ஊசி முனையை அரைத்து, ஒலி பதிந்திருக்கும் பள்ளத்துக்குப் பொருந்த வைக்கும், தட்டு முடியும்போது முனை கூராக இருக்காது. அதே ஊசியை அடுத்த தட்டுக்கும் ஓட்டினால் அது பள்ளத்தின் சுவரைச் செதுக்கிவிடும். எல்.பி., இ.பி.யில் கெடுதல் வேறு மாதிரி. ஊசி தாவாமல் இருக்கத் ஊசிக்கையின் தலைமேல் காசு வைத்து ஓட்டுவார்கள். அந்த எடையில் சுவர் நசுங்கி, ‘ச’, ‘ஷ’ வரும் இடமெல்லாம் கரகரக்கும். எந்த ஊசி போட்டாலும் அது திரும்பாது.

கடையில் போட்டுப் பார்க்க வசதியில்லை. கண்ணால் பார்த்தே எப்படி முடிவு செய்வது?

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடியுங்கள். தேயாத தட்டு கருப்பாக மின்னும். தேய்ந்த பள்ளம் சாம்பல் நிறமாகத் தெரியும். அந்தச் சாம்பல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உரத்த இடங்களிலும் லேபிளுக்கு அருகில் இருக்கும் கடைசிப் பகுதியிலும்தான் முதலில் வரும். உள்வட்டத்தில் அதே நேரத்துக்குக் குறைந்த நீளப் பள்ளம்தான் கிடைக்கிறது, அலைகள் நெருங்கிவிடுகின்றன, அதனால் ஊசி அங்கே அதிகம் உரசுகிறது. நாதஸ்வரம் எல்லா இடத்திலும் உரப்பு. ஆகவே நாதஸ்வரத் தட்டில் லேசான சாம்பல் இருந்தாலும் ஒலியில் நன்றாகவே கேட்கும்.

விரிசல் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். நடுத்துளையில் விரலைக் கொடுத்துத் தட்டைத் தொங்கவிட்டு, ஓரத்தில் விரல் மூட்டால் மெதுவாகத் தட்டுங்கள். முழுத் தட்டு கணீரென்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் சத்தம் மொத்தையாக வரும். விரிசல் தட்டை ஓட்டினால் ஒரு சுற்றுக்கு ஒரு டக், அதாவது விநாடிக்கு 1.3 தடவை கேட்கும். கணினியில் அதை நீக்க முடியும், ஆகவே விரிசல் மட்டும் ஒரு அரிய தட்டை வேண்டாம் என்று சொல்லக் காரணமாகாது. ஓரச் சில்லு தொடக்கப் பள்ளத்தோடு நின்றிருந்தால் பாட்டுக்குச் சேதம் இல்லை.

பளபளப்பை நம்ப வேண்டாம். எண்ணெய் தடவித் துடைத்தால் சாம்பல் மறைந்துவிடும். விரல் நுனியால் லேபிளுக்கு வெளியே இருக்கும் வெற்றிடத்தைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுத்தால் பூசியிருக்கிறார்கள்.

லேபிளில் ஒரு எண், பள்ளம் முடியும் இடத்தில் பொறித்த இன்னொரு எண். எதைக் குறித்துக்கொள்வது?

இரண்டையும். லேபிளில் இருப்பது விற்பனை எண். மெழுகுத் தட்டில் அன்று பதிவான அந்த ஒரு முகத்துக்குக் கொடுத்தது பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண். ஒரே பதிவு விலை குறைந்த இன்னொரு லேபிளில் வேறு விற்பனை எண்ணோடு வந்திருக்கலாம், மேட்ரிக்ஸ் மாறாது. ஒரே பாட்டை இரண்டு முறை பாடிப் பதிந்து, முதல் அச்சில் ஒன்றையும் அடுத்த அச்சில் மற்றொன்றையும் போட்டிருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பதும் மேட்ரிக்ஸ்தான். மறுவெளியீட்டுக்காரர் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.

படிக்க முடியாவிட்டால் அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் தட்டோடு தட்டாகப் படுக்கவைத்து வெளிச்சம் விட்டுப் படம் எடுங்கள். எழுத்து நிழலாக எழுந்து நிற்கும்.

வெளியான ஆண்டு தட்டில் இல்லையே?

78இல் பொதுவாக இருக்காது. சில தடயங்களைச் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும். மைக் வைத்துப் பதியும் மின்பதிவு 1925இல் உலகில் வந்தது, இந்தியாவுக்கு அந்தப் பத்தாண்டின் கடைசியில் வந்து சேர்ந்தது. அதற்கு முந்தையவை புனலுக்குள் பாடியவை. அவற்றில் கீழ்ச்சுரமும் இருக்காது, மேல் நாதமும் இருக்காது, தவில் ஏதோ தொலைவில் பெட்டியைத் தட்டுவது மாதிரி கேட்கும். கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் 1931இல் ஒன்றாகின. லேபிளின் அடிவரியில் இருக்கும் கம்பெனிப் பெயர் அதற்கு முந்தையதா பிந்தையதா என்று பார்த்தாலே ஒரு எல்லை கிடைக்கும். மிச்சத்துக்குப் பழைய பத்திரிகை விளம்பரங்களும் பாட்டுப் புத்தகங்களும்தான் வழி.

எப்படிக் கழுவுவது?

ஷெல்லாக் தட்டில் ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். ஸ்பிரிட், ஐசோபுரோப்பைல், கொலோன், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் கூடாது. மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம்.

ஒரு லிட்டர் வாலைவடி நீரில் (டிஸ்டில்டு வாட்டர்) வாசனையோ நிறமோ இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் 4 சொட்டு. இதற்கு மேல் வேண்டாம், நுரை பள்ளத்தில் தங்கும். மதுரையில் பல வீட்டில் வருவது உப்புத் தண்ணீர். அது காய்ந்தால் பள்ளத்துக்குள் உப்புப் படிந்து, கழுவுவதற்கு முன் இருந்ததைவிட மோசமாகக் கரகரக்கும். பேட்டரிக் கடையில் வாலைவடி நீர் கிடைக்கும், ஆசிட் கலந்ததை வாங்கிவிடாதீர்கள்.

முதலில் உலர்ந்த மென்தூரிகையால் மண்ணைத் தள்ளுங்கள். லேபிள்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தூரிகையை நீரில் நனைத்துப் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாக ஓட்டுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. ஒரு முகத்துக்கு இரண்டு நிமிடம் போதும். பிறகு வெறும் வாலைவடி நீரால் அலசி, பஞ்சுத் துணியால் ஒற்றி எடுத்து, விசிறிக் காற்றில் நிமிர்த்தி வையுங்கள், வெயிலில் வேண்டாம். தண்ணீரில் ஊறவிடவும் கூடாது. ஷெல்லாக் கலவையில் பஞ்சு நாரும் இருக்கிறது. ஓரச் சில்லு வழியாக நீர் உள்ளே போனால் நார் உப்பி, மேற்பரப்பு வெடிக்கும்.

வினைல் தட்டுக்கு நான்கு பங்கு வாலைவடி நீருக்கு ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் சேர்க்கலாம். ஆனால் கையில் இருப்பது வினைலா ஷெல்லாக்கா என்று சந்தேகமாக இருந்தால் ஷெல்லாக் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த பிளேயர் வேண்டும்? பித்தளைப் புனல் கிராமபோன் வாங்கலாமா?

பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். பழம்பொருள் கடைகளில் இப்போது கிடைக்கும் புனல் கிராமபோன்களில் பெரும்பாலானவை புதிதாகச் செய்தவை. பழைய பெட்டி கிராமபோனின் மோட்டாரை எடுத்து, புதிய மரப்பெட்டியில் வைத்து, பளபளக்கும் பித்தளைப் புனலும் நாய்ப் படமும் ஒட்டியிருப்பார்கள். ஊசியைப் பிடித்திருக்கும் சவுண்ட்பாக்ஸ் பொருந்தாமல் கோணலாக உட்கார்ந்து பள்ளத்தைக் கிழிக்கும். அசல் கிராமபோனிலும் நூறு கிராமுக்கு மேல் எடை ஊசியில் இறங்குகிறது. ஒரே பிரதி என்று நினைக்கும் தட்டை அதில் போடவே கூடாது. எல்.பி.யைப் போட்டால் அந்த ஒரு தடவையிலேயே முடிந்துவிடும்.

78 சுற்று வேகமும், ஊசி பொருத்தியிருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்றும் வசதியும், ஊசிக்கையில் எடை சரிசெய்யும் வசதியும் உள்ள மின்சார டர்ன்டேபிள் வேண்டும். அதைவிட முக்கியம் ஊசி. எல்.பி. ஊசியின் முனை ஆரம் 18 மைக்ரான் அளவு, 78க்கு 65 முதல் 75 மைக்ரான். எல்.பி. ஊசி 78இன் அகலமான பள்ளத்தில் அடியில் போய் உட்கார்ந்து, அங்கே சேர்ந்த மண்ணைத்தான் வாசிக்கும். ‘இந்தத் தட்டு ஒரே இரைச்சல்’ என்று சொல்பவர்களில் பலர் ஊசி மாற்றாதவர்கள். எடை, ஊசி தயாரித்தவர் சொன்ன அளவு. குறைத்தால் நல்லது என்று நினைத்துக் குறைக்காதீர்கள், துள்ளும் ஊசிதான் அதிகம் வெட்டும்.

பிளேயரில் 78 வேகமே இல்லையென்றால் 45இல் ஓட்டிப் பதிந்து, கணினியில் 1.733 மடங்கு வேகப்படுத்தலாம். நெளிந்த தட்டுக்கு இது நல்ல வழியும்கூட, ஊசி தாவாது. தாழ் ஒலி, மேல் ஒலி அளவைச் சமன்செய்யும் ஒலிச்சமன் வளைவு மட்டும் இடம் மாறிவிடும், அதைப் பிறகு சரிசெய்ய வேண்டும்.

78 என்று போட்டால் 78தானே? சுருதி ஏன் ஒத்துவரவில்லை?

நம் சங்கீதத்துக்கு மிக முக்கியமான கேள்வி இது. பழைய தட்டுகள் 76இலும் 80இலும்கூடப் பதியப்பட்டன. 80இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் அரை ஸ்வரத்தில் ஏறக்குறையப் பாதி இறங்கிவிடும். 6 சதவீதம் வேகம் மாறினால் முழு அரை ஸ்வரமே மாறும். எந்தச் சுருதிக் கட்டை என்று தெரியாமல் ஒரு வித்வானின் பாணியைப் பற்றிப் பேச முடியாது.

முதலில் உங்கள் டர்ன்டேபிளைச் சரிபாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 77 கோடுகள் உள்ள ஸ்ட்ரோபு தாளை நடுவில் வைத்து, நியான் விளக்கு அல்லது பழைய குண்டு பல்பின் கீழே ஓட்டினால், கோடுகள் நகராமல் நிற்கும்போது வேகம் 77.92. பல எல்.இ.டி. விளக்குகள் சிமிட்டுவதில்லை, அவற்றின் கீழே கோடு நிற்காது. டர்ன்டேபிள் பழுது என்று தவறாக நினைத்துவிடாதீர்கள்.

பிறகு தட்டு. வாய்ப்பாட்டில் ஆர்மோனியம் இருந்தால் வேலை எளிது, நாடகப் பாட்டில் அது அநேகமாக இருக்கும். ஆர்மோனியக் கட்டைகள் நிலையானவை, பக்கத்து அரை ஸ்வரத்துக்கு நடுவில் சுருதி விழுந்தால் வேகம் தவறு. நாதஸ்வரத்தில் இந்த வசதி இல்லை. பழைய திமிரி வகை நாதஸ்வரம் உயர்ந்த சுருதி, பிறகு பரவிய பாரி வகை தாழ்ந்த சுருதி, எது வாசித்தார் என்று தெரியாமல் ஊகிக்கக் கூடாது. ஒரே நாளில் அடுத்தடுத்த மேட்ரிக்ஸ் எண்களில் பதிந்த முகங்களை ஒப்பிடுங்கள், ஒரே வாத்தியம் என்றால் ஒரே சுருதி வர வேண்டும். நாதஸ்வரக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்பது எந்தக் கருவியையும்விட மேல். குழலின் நாதம் இயல்பாக இருக்கிறதா என்று அவர் காது சொல்லிவிடும்.

மதுரை வெயிலில் எப்படிப் பத்திரப்படுத்துவது?

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம், மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவும் வேண்டாம். வினைல் 60 டிகிரியை நெருங்கினால் நெளியும், சித்திரை மாதத்தில் மூடி நிறுத்திய கார் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். ஷெல்லாக் படுக்கையில் அடுக்கினால் அடித்தட்டு விரிசல் விடும். நிமிர்த்தி, சாயாமல், இறுக்காமல் அடுக்குங்கள். 10 அங்குலத் தட்டு நூறு சேர்ந்தால் 20 கிலோவுக்கு மேல் போகும், கண்ணாடி அலமாரி தாங்காது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை வரும். பிளாஸ்டிக் உறையில் இறுக மூடினால் உள்ளே வேர்த்து இன்னும் மோசமாகும். காகித உறையே நல்லது, ஆனால் கரையானும் ராமபாணப் பூச்சியும் காகிதத்துக்கு வரும். அலமாரிக் கால்களைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் போடலாம். பொடியாகத் தூவாதீர்கள், பள்ளத்தில் போகும். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி வினைலுக்கு ஆகாது.

பதிவெடுக்கும்போது என்ன அளவு?

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. மூன்றேகால் நிமிட முகத்துக்கு ஏறக்குறைய 112 மெகாபைட். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள், கீறல் சத்தம் பாட்டைவிட உயரமாகக் குதிக்கும்.

78 மோனோதான், இருந்தாலும் ஸ்டீரியோவாகப் பதியுங்கள். பள்ளத்தின் இரண்டு சுவரில் ஒன்று குறைவாகத் தேய்ந்திருக்கும். எது நல்லது என்று பிறகு தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் கூட்டினால் ஊசி மேலும் கீழும் ஆடுவதால் வரும் இரைச்சல் கழிந்துவிடும். மோனோவாகப் பதிந்துவிட்டால் இந்த இரண்டு வாய்ப்பும் போய்விடும்.

தட்டின் ஒலியைப் பெருக்கும் இன்றைய போனோ பெருக்கிகள் 1950களின் நடுவில் நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. ஒலிச்சமன் வளைவுக்குச் செய்தவை. அதற்கு முந்தைய 78களுக்கு அது மேல் ஒலியை அமுக்கிவிடும். பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, பிரதியில் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் வளைவை மாற்றுங்கள். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்.

இரைச்சலை முழுக்க நீக்கிவிடலாமா?

வேண்டாம். தவில்காரர் வலது கை விரல்களில் போடும் கூடு தோலில் விழும் சத்தம், மென்பொருளின் கணக்கில் கீறல் மாதிரியே இருக்கும். கீறல் நீக்கியைத் தாராளமாக ஓட்டினால் தவில் மழுங்கிப் பானை தட்டுவதாகிவிடும். நாதஸ்வரத்தில் ஊதும் முனையான சீவாளியின் உரசல் மேல் நாதத்தில் இருக்கிறது, தொடர் இரைச்சலை வடித்தால் அதுவும் கூடவே போகும். பெரிய டக்குகளை ஒவ்வொன்றாகக் கையால் நீக்குங்கள். 3 நிமிடத் தட்டுக்கு ஒரு மாலைப் பொழுது ஆகும், ஆகட்டும். மீதி இரைச்சல் இருக்கட்டும், காது அரை நிமிடத்தில் அதைத் தாண்டிப் போய்விடும்.

ஜாஸ் தட்டும் இங்கே கிடைக்குமா?

அபூர்வம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கல்கத்தாவில் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் கொலம்பியாவுக்குப் பதிந்த தட்டுகள் இந்தியாவிலேயே அச்சானவை. அவர் 1945இல் அங்கேயே காலராவில் இறந்தார். வெள்ளைக்காரக் குடும்பங்கள் தங்கிய கொடைக்கானல் பழைய வீடுகளில் தேடிப் பார்க்கலாம். நாதஸ்வரம் கற்று அதை ஜாஸில் வாசித்த அமெரிக்க சாக்சபோன் கலைஞர் சார்லி மரியானோவின் எல்.பி.கள் நம் ரசிகர்கள் கேட்க வேண்டியவை.

ஆனால் ஜாஸ் சேகரிப்பாளர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் பட்டியல் போடும் பழக்கம். 1936இலேயே பாரிஸில் சார்ல் தெலோனே, எந்த நாள் எந்தத் தட்டில் யார் யார் வாசித்தார்கள் என்று புத்தகமே போட்டுவிட்டார். பியானோ யார், டிரம்ஸ் யார் என்பதெல்லாம் அதில் உண்டு. நம் நாதஸ்வரத் தட்டு லேபிளில் தவில்காரர் பெயர் பெரும்பாலும் இல்லை. சுருதிக்கு ஒத்து ஊதியவர் பெயர் எங்கும் இல்லை. விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். தட்டு இன்னும் ஐம்பது வருடம் இருக்கும், அவர்கள் இருக்கமாட்டார்கள்.

பழைய தட்டுதானே, இணையத்தில் போட்டால் என்ன?

ஒரு தட்டில் இரண்டு உரிமை இருக்கிறது. ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 1960இல் வெளியான தட்டுக்கு 2020 முடிவோடு தீர்ந்தது. பாட்டின் உரிமை தனி, எழுதியவர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு.

தியாகராஜர் கிருதிக்குச் சிக்கல் இல்லை. 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டுக்கும் இல்லை. மதுரகவி பாஸ்கரதாஸ் 1952இல் மறைந்தார், அவர் பாட்டுகள் 2012 முடிவில் பொதுவுக்கு வந்துவிட்டன. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தவர், அவர் இயற்றியவற்றுக்கு 2033 முடிவு வரை உரிமை உண்டு. தட்டு 1938ஆம் ஆண்டினதாக இருந்தாலும் பாட்டு அவருடையது என்றால் அனுமதி கேட்க வேண்டும். விற்பனைக்கு வெளியிடுவதாக இருந்தால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

மறுவெளியீடு ஏன் வருவதில்லை? நாம் என்ன செய்தால் வரும்?

பணம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், வெளியிட முன்வருபவரின் மேசையில் வைக்க முழுமையான சரக்கு யாரிடமும் இல்லை. உலோக மூலத் தகடு இல்லாத பதிவுக்கு, கிடைப்பதில் மிக நல்ல பிரதியே மூலம். அந்த நல்ல பிரதி ஒருவர் வீட்டில் ஒரு முகம், இன்னொருவர் வீட்டில் மறுமுகம் என்று சிதறிக் கிடக்கிறது. நாடக செட்டில் இது இன்னும் கொடுமை. ஆறு தட்டில் நான்காவது இல்லையென்றால் கதை அறுந்துபோகிறது.

கணக்காகச் சொன்னால், ஒரு எல்.பி.யின் ஒரு பக்கத்துக்கு நல்ல ஒலியில் 20 நிமிடம். 78இன் ஒரு முகம் 3 நிமிடம் சொச்சம். ஆக ஒரு எல்.பி.க்கு 12 முகம், அதாவது 6 தட்டு வேண்டும். ஒரு வித்வானின் 6 தட்டை நல்ல நிலையில் சேர்ப்பது தனி ஒருவரால் கடினம், நான்கு சேகரிப்பாளர்கள் பட்டியலைப் பகிர்ந்துகொண்டால் முடிகிற காரியம். ஒவ்வொரு முகத்துக்கும் இரண்டு மூன்று பிரதிகளைப் பதிந்து ஒப்பிடுங்கள். ஒன்றில் தொடக்கம் நன்றாக இருக்கும், இன்னொன்றில் முடிவு. வேகமும் சுருதியும் ஒத்தால் இரண்டையும் ஒட்டலாம்.

கம்பெனிக்கு எழுதும்போது ‘தயவுசெய்து பழைய நாதஸ்வரத்தை வெளியிடுங்கள்’ என்ற கடிதத்துக்குப் பதில் வராது. ஒரே பக்கத்தில், 12 முகத்துக்கும் விற்பனை எண், மேட்ரிக்ஸ் எண், ராகம், தாளம், இயற்றியவர், நேரம், பக்கவாத்தியம், நல்ல பிரதி இருக்கும் நிலை, பாட்டின் உரிமை முடிந்ததா, குடும்பத்தார் சம்மதம் உண்டா என்று எழுதி, இரண்டு முகத்தின் மாதிரிப் பதிவோடு அனுப்புங்கள். எச்.எம்.வி. பெயரில் விற்ற கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா 2000 முதல் சரிகம என்ற பெயரில் இருக்கிறது, அந்த வகைத் தட்டுகளுக்கு அங்கே கேட்கலாம். மூடிப்போன சிறு லேபிள்களில் வந்தவற்றுக்கு ஒலிப்பதிவு உரிமை தீர்ந்த ஆண்டைப் பார்த்துச் சிறு வெளியீட்டாளர்களை அணுகலாம்.

ஆவணக் காப்பகங்களும் இருக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவாபத்திலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தில் (Endangered Archives Programme) யங் இந்தியா, ஓடியன் லேபிள் தட்டுகள் பல பதிவாகியுள்ளன. அவை சேகரிப்பாளர்களின் பெட்டியிலிருந்து வந்தவை. உங்களிடம் இருக்கும் தட்டு அங்கே ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உங்கள் உழைப்பை இல்லாத தட்டுக்குக் கொடுங்கள்.

புதிதாக வந்திருக்கும் மறுவெளியீடு ஒன்றை வாங்கலாமா என்று எப்படி முடிவு செய்வது?

உறையில் மூலத்தட்டின் எண்ணும் உரிமை வரியும் பக்கவாத்தியமும் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே இல்லாவிட்டால் இணையத்திலிருந்து இறக்கி அச்சடித்ததாக இருக்கலாம். டிஜிட்டல் கோப்பாகக் கிடைத்தால் ஆடாசிட்டியில் அலைவரிசைப் படத்தைத் திறங்கள். தட்டின் இரைச்சல் மேலே வரை படர்ந்திருக்க வேண்டும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றிருந்தால் மூலம் எம்.பி.3 தான். அளவுக்கு மீறி வடித்திருந்தால் இரைச்சலே இருக்காது, அந்தப் படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. அப்போது தவிலைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பஸ்ஸில் கொண்டுவரலாமா?

மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வரலாம். மேல் கம்பித் தட்டில் வைக்காதீர்கள். பார்சல் என்றால் ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் நெளி அட்டை, மொத்தக் கட்டையும் இரண்டு தடித்த அட்டைக்கு நடுவே டேப் போட்டு ஒரே கல்போல ஆக்கி, பெரிய பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் நான்கு விரல் பஞ்சோ கசக்கிய காகிதமோ. தட்டுகள் ஒன்றோடொன்று ஆடும் இடைவெளி இருந்தால்தான் உடையும். ஒரு கட்டில் பத்துக்கு மேல் வேண்டாம்.

உடைந்துவிட்டது. ஒட்டலாமா?

துண்டுகளை ஒன்றோடொன்று உரசவிடாமல் தனித்தனித் தாளில் சுற்றி, லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். பள்ளத்தின்மேல் பசை படக் கூடாது. சமதளக் கண்ணாடிமேல் துண்டுகளைப் பொருத்தி, ஓரத்திலும் லேபிளிலும் மட்டும் பிடித்து, 45க்கும் குறைந்த வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பதிந்துகொள்ள முடியும். அனுபவம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை இது. இரண்டாகப் பிளந்த அரிய தட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டியை யாரிடம் கொடுப்பது?

முதலில் பட்டியல் எழுதுங்கள், பட்டியல் இல்லாத பெட்டியை எந்த நிறுவனமும் முறையாக ஏற்க முடியாது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேகரித்தவற்றிலிருந்து 1994இல் சென்னையில் உருவான ஆய்வு நூலகம் தமிழ் அச்சு ஆவணங்களுக்கு முதன்மையான இடம், பாட்டுப் புத்தகங்கள், விலைப்பட்டியல்களுக்கு அங்கே கேட்கலாம். தட்டுகளுக்கு, 1990 முதல் மும்பையில் இயங்கும் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தினரிடம் விசாரிக்கலாம். யாரிடம் கொடுத்தாலும் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: பதிவின் பிரதி உங்களுக்கு வரும், சேகரிப்பைப் பிரித்து விற்கமாட்டார்கள், மறுவெளியீட்டுக்குத் தட்டைக் கடன் கொடுப்பார்கள். மூன்றாவதற்குச் சம்மதிக்காத இடத்துக்குத் தட்டைத் தராதீர்கள். அதுவரை பரணிலிருந்து இறக்கி, நிமிர்த்தி வையுங்கள்.